ஒன்றெனச் செயல்படும் சுவிட்சுகள்: கணினிப் பிணையக் கூட்டமைப்பும் பழுதாய்வும் – ஒரு வரலாற்று நோக்கு (1985–2008)

ஆய்வுச் சுருக்கம்

பல சுவிட்சுகளை இணைத்து ஒரே கருவிபோல இயக்கும் முயற்சி, கணினிப் பிணைய வரலாற்றின் முதன்மையான இழைகளுள் ஒன்று. இம்முயற்சியின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. இக்கட்டுரை அதனைப் பழுதுகளின் வழியாக அணுகுகிறது. 1990ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைபேசி முடக்கம், 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மருத்துவமனைப் பிணைய முடக்கம், 2003க்குப் பிந்தைய அடுக்குச் சுவிட்சுகளின் பிளவுச் சிக்கல் ஆகியன ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கூட்டாக இயங்கும் சுவிட்சுகளில் பெரும்பழுது, உடைந்த உறுப்பைவிட உடைவிலிருந்து மீள்வதற்கென அனைத்தும் ஏற்றுக்கொண்ட பொது விதியிலிருந்தே பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பிணையம், சுவிட்ச், ஸ்பேனிங் ட்ரீ, கொத்து, அடுக்கு, பழுதாய்வு.

முன்னுரை

‘சுவிட்ச்’ என்றவுடன் தமிழ் வழக்கில் மின்விளக்கின் விசையே நினைவுக்கு வரும். கணினிப் பிணையத்தில் அச்சொல்லின் பொருள் வேறு. தொடர்வண்டி நிலையத்தில் வண்டியை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்திற்குத் திருப்பும் தடமாற்றிக்கே அது நெருக்கமானது. ஒரு கணினியிலிருந்து புறப்படும் தரவுச் சட்டகத்தின் முகவரியைப் படித்து, உரிய கணினி இணைந்துள்ள வாய்வழியே மட்டும் அதனை அனுப்புவது பிணையச் சுவிட்சின் பணியாகும். ஓர் அலுவலகத்திற்கு ஒரு சுவிட்ச் போதும். ஒரு மருத்துவமனைக்கோ பல்கலைக்கழகத்திற்கோ நூற்றுக்கணக்கில் தேவைப்படும். அந்நூற்றுக்கணக்கானவை ஒன்றோடொன்று எவ்வாறு உடன்படுகின்றன, உடன்பாடு முறியும்போது என்ன நேர்கிறது என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினாவிற்கு விடை தேடுவோர்க்குச் சான்றுகள் எளிதில் கிட்டுவதில்லை. நிறுவனங்கள் தம் வெற்றிகளை அச்சிடுகின்றன, முடக்கங்களை மறைக்கின்றன. ஆகவே, பாதிக்கப்பட்டோரே வெளிப்படையாகப் பேசிய ஒருசில நிகழ்வுகள் வரலாற்றாய்வாளனுக்குப் பெருமதிப்புடையவை.

வடத்திலிருந்து மரத்திற்கு

1973ஆம் ஆண்டு சீராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃப் வகுத்த ஈதர்நெட், தொடக்கத்தில் ஒரே வடத்தில் எல்லாக் கணினிகளையும் தொங்கவிடும் அமைப்பாகும். ஒருவர் பேசினால் அனைவரும் கேட்பர். இருவர் ஒருசேரப் பேசினால் மோதல் நேரும். கணினிகள் பெருகியபோது வடத்தைத் துண்டாக்கித் துண்டுகளுக்கிடையே ‘பாலம்’ எனப்பட்ட கருவியை வைக்கும் முறை 1980களில் உருவாயிற்று. எந்த முகவரி எப்பக்கத்தில் உள்ளது என்பதைப் பாலம் தானே கேட்டுக் கற்றுக்கொள்ளும். அறியாத முகவரிக்கு வரும் சட்டகத்தை எல்லாப் பக்கமும் படியெடுத்து அனுப்பும்.

இவ்வெளிமையில்தான் ஆபத்தும் இருந்தது. ஒரு பாலம் பழுதானால் மற்றொன்று உதவட்டும் என்று இரண்டு பாலங்களை இணையாக வைத்தால் வளையம் உண்டாகிறது. ஒன்று அனுப்பிய படியை மற்றொன்று பெற்று மீண்டும் படியெடுத்து அனுப்பும். இணைய நெறிமுறையின் பொதிகளில், கடக்கும் ஒவ்வொரு திசைவியிலும் குறைந்துகொண்டே வந்து சுழியத்தை எட்டியதும் பொதியை அழித்துவிடும் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஈதர்நெட் சட்டகத்திற்கு அத்தகைய ஆயுள் எண் இல்லை. எனவே வளையத்தில் சிக்கிய சட்டகம் சாவதில்லை. வாய்கள் பலவாயின் பெருகவும் செய்யும். சில நொடிகளில் பிணையம் முழுவதும் பயனற்ற படிகளால் நிரம்பிவிடும்.

டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் 1985ஆம் ஆண்டு வெளியிட்ட ஸ்பேனிங் ட்ரீ முறை இச்சிக்கலைத் தீர்த்தது. பாலங்கள் தமக்குள் ஒன்றை வேராகத் தேர்ந்துகொள்ளும். வேரிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே பாதையை வைத்துக்கொண்டு, எஞ்சிய பாதைகளை அடைத்துவிடும். திறந்த பாதை அறுந்தால் அடைத்த பாதை திறக்கப்படும். மரம் குறித்த புகழ்பெற்ற ஆங்கிலக் கவிதை ஒன்றின் சாயலில் பெர்ல்மன் தம் முறையைப் பற்றி ஒரு சிறு செய்யுளும் இயற்றினார். நூற்பாவைச் செய்யுளில் யாக்கும் மரபறிந்த தமிழ் வாசகர்க்கு இது வியப்பளிக்காது. பொறியியலார் பலர் அம்முறையை நினைவில் கொண்டது அச்செய்யுள் வழியாகவே.

இம்முறை 1990இல் ஐ.இ.இ.இ. 802.1டி எனத் தரநிலையாயிற்று. அதன் விதிகளுள் மூன்று பின்வரும் வரலாற்றிற்கு இன்றியமையாதவை. முதலாவது, வேர்த் தேர்தல். நிருவாகி தலையிடாவிடில் எல்லாக் கருவிகளின் முன்னுரிமை எண்ணும் 32,768 என ஒன்றாகவே இருக்கும். அப்போது மிகச் சிறிய வன்பொருள் முகவரி உடையதே வேராகும். ஓர் உற்பத்தியாளரின் முகவரிகள் பொதுவாக ஏறுவரிசையில் வழங்கப்படுவதால், பெரும்பாலும் பழைய கருவிக்கே அப்பட்டம் கிட்டும். மூத்தவனுக்கு முடி என்னும் வழக்கம் அரசகுலத்தில் எப்படியோ, பிணையத்தில் அது தீங்கானது. களஞ்சிய அறையில் கிடந்த பழஞ்சுவிட்ச் ஒன்றை யாரோ ஒருவர் செருகியதும் கட்டடம் முழுவதின் போக்குவரத்தும் அதன் வழியே திரும்பிய அனுபவம் இத்துறையினர்க்குப் புதிதன்று.

இரண்டாவது, அளவு. வேரின் செய்தி இரண்டு நொடிக்கு ஒருமுறை வரும்; இருபது நொடி வராவிடில் பழைய செய்தி காலாவதியாகும்; திறப்பதற்கு முன் பதினைந்து நொடி வீதம் இரண்டு நிலைகளில் காத்திருக்க வேண்டும். இக்கால அளவுகள், எந்த இரு முனைகளுக்கும் இடையே ஏழு பாலங்களுக்கு மேல் இராது என்ற கணக்கில் அமைந்தவை. மூன்றாவது, மௌனத்தின் பொருள். அடைபட்ட வாயில் அண்டைச் சுவிட்சின் செய்தி வரவில்லையெனில், அண்டை இறந்துவிட்டது எனக் கொண்டு வாயைத் திறக்க வேண்டும். செய்தி அனுப்பப்பட்டும் நெரிசலில் தொலைந்திருக்கலாம் என்பதற்கு அவ்விதியில் இடமில்லை.

1990: மீட்சியே நோயான நாள்

மூன்றாம் விதியின் ஆபத்தை விளங்கிக்கொள்ள, கணினிப் பிணையத்திற்கு வெளியே நேர்ந்த ஒரு நிகழ்வு உதவும். 1990 ஜனவரி 15 அன்று ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் நெடுந்தொலைவுத் தொலைபேசி வலை ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் முடங்கியது. அழைப்புகளில் பாதியளவு நிறைவேறவில்லை. தொலைபேசிச் சுவிட்ச் ஈதர்நெட் சுவிட்சினின்றும் வேறுபட்ட பேரியந்திரம் என்பது உண்மையே. ஆயினும், சமமான கருவிகள் ஒன்றன் நிலையை மற்றொன்று அறிந்து நடந்துகொள்ளும் கூட்டமைப்பு என்னும் வகையில் இரண்டும் ஓரினம்.

நியூயார்க்கில் ஒரு சுவிட்ச் சிறு கோளாற்றினால் தன்னைத்தானே சில நொடிகள் நிறுத்தி மீட்டுக்கொண்டது. இது திட்டமிட்ட நடத்தையே. மீண்டபின் அது அழைப்புகளை அனுப்பத் தொடங்கியது. அவற்றைக் கண்டே அண்டைச் சுவிட்சுகள் அது மீண்டதை உணர்ந்து தம் அட்டவணையைத் திருத்த வேண்டும். திருத்திக்கொண்டிருக்கும் வேளையில், நொடியில் நூற்றிலொரு பங்கிற்குள் இரண்டாம் செய்தி வந்தால், முந்தைய மாதம் ஏற்றப்பட்ட புதிய மென்பொருளில் ‘சி’ மொழியில் இடம் மாறி நின்ற ஒரு ‘பிரேக்’ கட்டளை நினைவகத்தைக் குலைத்தது. குலைந்த சுவிட்ச் தன்னை நிறுத்தி மீட்டுக்கொண்டது. அதன் மீட்சி தன் அண்டைகளைக் குலைத்தது. இவ்வாறு 114 சுவிட்சுகளிலும் அலை சுற்றிச் சுற்றி வந்தது.

இங்குக் கருவி எதுவும் உடைந்து கிடக்கவில்லை. எல்லாம் மீண்டுகொண்டே இருந்தன. மீண்டதே பிறவற்றை வீழ்த்தியது. அனைத்திலும் ஒரே மென்பொருள் இருந்ததால் அலையைத் தடுத்து நிறுத்த வேறுபட்ட ஓர் உறுப்பும் இல்லை. பொறியாளர்கள் செய்திகளின் அளவைக் குறைத்தபோதுதான், இரண்டாம் செய்தி அக்குறுகிய இடைவெளியில் வந்து விழும் வாய்ப்புக் குறைந்து வலை நிலைபெற்றது. நிரலில் பிழையிருந்த வரியை அவர்கள் பின்னரே கண்டனர். பேச்சைக் குறைத்ததே முதல் மருந்து என்பது கருதத்தக்கது.

கல்பனா முதல் கொத்து வரை

அதே 1990ஆம் ஆண்டில் சிலிக்கான் பள்ளத்தாக்கில் கல்பனா என்னும் சிறு நிறுவனம் ஏழு வாய்களைக் கொண்ட ஈதர்சுவிட்ச் கருவியை வெளியிட்டது. இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ், லாரி பிளேர் ஆகியோர் அதன் நிறுவனர்கள். பரத்வாஜின் துணைவியார் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று. பாலத்தின் பணியைப் பல வாய்களுக்கு விரித்து விரைவாகச் செய்த இக்கருவியோடு ‘சுவிட்ச்’ என்ற பெயர் கணினிப் பிணையத்தில் நிலைபெற்றது. பல வடங்களைக் கட்டி ஒரே வடமாகக் கருதச் செய்யும் ஈதர்சேனல் முறையும் இந்நிறுவனத்திலிருந்து வந்ததே. 1994இல் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை வாங்கியது.

சுவிட்ச் மலிந்தபின் நிருவாகச் சுமை பெருகியது. ஒவ்வொன்றிற்கும் தனி இணைய முகவரி, தனிக் கடவுச்சொல், தனி அமைப்புக் கோப்பு. இதற்கு விடையாக 1990களின் இறுதியில் ‘கொத்து’ முறை வந்தது. சிஸ்கோவின் முறையில் பதினாறு சுவிட்சுகள் வரை ஒரே இணைய முகவரியின் கீழ்க் கொணரலாம். ஒன்று கட்டளைச் சுவிட்ச். ஏனையவை உறுப்புச் சுவிட்சுகள். நிருவாகி கட்டளைச் சுவிட்சில் நுழைந்து அதன் வழியே மற்றவற்றைக் கையாள்வார்.

இக்கொத்தில் ஒன்றானது நிருவாகம் மட்டுமே என்பது பலரால் கவனிக்கப்படுவதில்லை. சட்டகங்களை அனுப்பும் முடிவை ஒவ்வொரு சுவிட்சும் தனித்தே எடுத்தது. ஸ்பேனிங் ட்ரீயில் ஒவ்வொன்றும் தனி உறுப்பாகவே நின்றது. ஆகவே கட்டளைச் சுவிட்ச் வீழ்ந்தாலும் தரவு ஓடிக்கொண்டே இருக்கும். பழுதாய்வுக்கு வருவோர்க்கோ, தனி முகவரியற்ற உறுப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். இதன்பொருட்டே மாற்றுக் கட்டளைச் சுவிட்சை முன்கூட்டியே நியமிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. நோயாளி நலமாயிருக்க மருத்துவர் மட்டும் வழிதவறுவது போன்ற இப்பழுது, பின்வந்த முறைகளின் பழுதுகளோடு ஒப்பிடத் தீமை குறைந்ததே.

பாஸ்டன், நவம்பர் 2002

பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையம், 1996ஆம் ஆண்டு இரு மருத்துவமனைகள் இணைந்து உருவான நிறுவனம். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியோடு தொடர்புடையது. மின்னணு மருத்துவப் பதிவில் அது முன்னோடி. மருந்தாணை, ஆய்வக முடிவு, கதிரியக்கப் படம் யாவும் பிணையத்தின் வழியே சென்றன. அப்பிணையமோ இணைப்புக் காலத்து வடிவிலேயே, சுவிட்சோடு சுவிட்சாக ஒட்டி வளர்ந்தது. இடையில் பிரிக்கும் திசைவிகள் போதிய அளவில் இல்லை. பெரும் பரப்பொன்று ஒரே மரமாக நின்றது.

2002 நவம்பர் 13, புதன்கிழமை பிற்பகல் பிணையம் தடுமாறியது. ஆய்வாளர் ஒருவர் கோப்புப் பகிர்வுச் செயலி ஒன்றில் பெருந்தரவை ஏற்றியது உடனடித் தூண்டுதல் எனக் கண்டறியப்பட்டது. அன்றிரவு சில இணைப்புகளைத் துண்டித்தபோது நிலைமை சீரானதுபோலத் தோன்றியது. மறுநாள் காலை பணி தொடங்கிச் சுமை ஏறியதும் மீண்டும் முடங்கியது. ஒரு பகுதி எழும், மற்றொன்று விழும். வியாழனன்று சிஸ்கோவின் அவசர உதவிக் குழு வரவழைக்கப்பட்டது. அன்று பிற்பகல் அவசரச் சிகிச்சைப் பிரிவு ஏறத்தாழ நான்கு மணி நேரம் புதிய நோயாளிகளுக்கு மூடப்பட்டது.

தகவல்துறைத் தலைவரான மருத்துவர் ஜான் ஹலாம்கா எடுத்த முடிவே இந்நிகழ்வின் திருப்பம். பாதி எழுந்தும் பாதி விழுந்தும் கிடக்கும் பிணையத்தை நம்பி மருத்துவர்கள் காத்திருப்பதைவிட, முற்றிலும் காகிதத்திற்குத் திரும்புவதே நோயாளிகளுக்குப் பாதுகாப்பு என அவர் அறிவித்தார். திரையிலேயே மருந்தாணை எழுதிப் பழகிய இளம் மருத்துவர்க்குக் காகிதப் படிவத்தை நிரப்பும் முறையை மூத்தோர் கற்பிக்க வேண்டியதாயிற்று. ஆய்வக முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு மாடி ஓடினர். நவம்பர் 18, திங்களன்றுதான் வழக்கமான நிலை உறுதிப்பட்டது.

இந்நிகழ்வைக் கூறுவோர் பலர் அந்த ஆய்வாளரின் தரவிலேயே கதையைத் தொடங்கி அங்கேயே முடிக்கின்றனர். அது வசதியான விளக்கம்; போதிய விளக்கமன்று. பெருந்தரவு எந்த மருத்துவமனையிலும் எந்த நாளிலும் ஏறக்கூடியது. வினவ வேண்டியது, ஒரு மூலையின் நெரிசல் எல்லா மூலைகளுக்கும் எவ்வாறு பரவியது என்பதே. கதிரியக்கப் படங்களுக்கான பகுதி போன்றவை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்பட்டதால், முனைக்கு முனை இடையே இருந்த சுவிட்சுகளின் எண்ணிக்கை ஏழு என்னும் எல்லையைத் தாண்டியிருந்தது. அந்த எல்லைக்கு அப்பால் ஸ்பேனிங் ட்ரீயின் கால அளவுகள் பொருளற்றவை. நெரிசலில் வேரின் செய்திகள் தொலைந்தால், மௌனத்தை மரணமாகக் கொள்ளும் விதி அடைபட்ட வாய்களைத் திறக்கும். திறந்தால் வளையம், வளையத்தால் மேலும் நெரிசல், நெரிசலால் மேலும் மௌனம். மரம் தன்னைச் செப்பனிட முயலுந்தோறும் தன்னையே நெரித்துக்கொள்ளும். நியூயார்க்கில் மீண்ட சுவிட்ச் அண்டையை வீழ்த்தியதும் இதுவும் பொறியமைப்பில் வேறு. நிகழ்ச்சிப் போக்கில் ஒன்று.

ஏழு என்னும் எண் இரகசியமானதன்று. தரநிலையிலேயே பரிந்துரையாக உள்ளது. எந்த ஒரு நாளிலும் யாரும் அதனை மீற முடிவு செய்யவில்லை என்பதே இதன் வரலாற்று முக்கியத்துவம். ஒரு கட்டடத்திற்கு ஒரு சுவிட்ச், ஒரு துறைக்கு ஒரு சுவிட்ச் என ஆறாண்டுகளாகச் சேர்ந்தவற்றின் கூட்டுத்தொகை அந்த எல்லையைக் கடந்தது. பிணையத்தின் முழு வரைபடம் எவர் கையிலும் இல்லாதபோது கூட்டுத்தொகையை எண்ணுவார் யார்? ஹலாம்கா பின்னர் வெளியிட்ட படிப்பினைகளுள் பிணைய அறிவு ஒரே பணியாளரிடம் தங்கிவிடக் கூடாது என்பதும் ஒன்று.

தீர்வு என்னவாயிற்று? மரத்தைச் செம்மைப்படுத்துவதோடு நிறுத்தவில்லை; மரத்தையே வெட்டிச் சிறு மரங்களாக்கினர். நடுவில் இரட்டைத் திசைவிகளை வைத்து, ஒரு பகுதியின் வெள்ளம் அடுத்த பகுதிக்குப் பாயாதவாறு வரப்பு எழுப்பினர். ஒன்றிணைப்பதில் பெருமை கொண்ட பத்தாண்டுகளுக்குப் பின் பிரிப்பதே மருந்தாயிற்று. 2003இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் இந்நிகழ்வைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. சுவிட்சுகளின் பழுது ஒரு முன்னணி மருத்துவ இதழின் பொருளாயிற்று என்பதும் இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது.

அடுக்கும் அதன் பிளவும்

பாஸ்டன் நிகழ்வுக்கு மறு ஆண்டே சந்தை எதிர்த்திசையில் சென்றது. 2003இல் சிஸ்கோ வெளியிட்ட கேட்டலிஸ்ட் 3750 வகையில் ஒன்பது சுவிட்சுகள் வரை பின்புறச் சிறப்பு வடத்தால் வளையமாகப் பிணைத்து ஓர் ‘அடுக்கு’ ஆக்கலாம். வளையத்தின் கொள்ளளவு நொடிக்கு 32 கிகாபிட். முந்தைய கொத்தில் நிருவாகம் மட்டுமே ஒன்றாயிருந்தது. அடுக்கிலோ மூளையும் ஒன்றே. ஒரு சுவிட்ச் தலைமை ஏற்கும். அமைப்புக் கோப்பும் ஒன்று. வெளியிலிருந்து நோக்கும் ஸ்பேனிங் ட்ரீக்கு ஒன்பதும் ஒரே முனை. இதனால் மரம் சுருங்கி, ஏழு என்னும் எல்லைக்குள் அடங்குவது எளிதாயிற்று. இவ்வகையில் அடுக்கு பாஸ்டன் சிக்கலுக்கு ஒரு விடையும் ஆகும்.

ஆனால் மௌனத்தின் பொருள் என்னும் பழைய வினா அடுக்கின் உள்ளே குடிபுகுந்தது. வளையத்தில் ஒரு வடம் கழன்றால் கொள்ளளவு குறையும், பணி நில்லாது. இரண்டு இடங்களில் கழன்றால் அடுக்கு இரண்டாகப் பிளக்கும். தலைமையற்ற பாதி, தலைமை இறந்ததாகக் கருதிப் புதிய தலைமையைத் தேர்ந்துகொள்ளும். பழைய தலைமையோ மறு பாதியில் நலமாக உள்ளது. இரு பாதிகளும் ஒரே அமைப்புக் கோப்பை வைத்திருப்பதால் ஒரே இணைய முகவரியோடு பிணையத்தில் நிற்கும். நிருவாகி அம்முகவரிக்குள் நுழைய முயன்றால் ஒரு முறை ஒரு பாதியும் மறுமுறை மற்றதும் விடை கூறலாம். இரண்டுமே தம்மைப் பொறுத்தவரை குறையின்றி இருப்பதாகவே அறிவிக்கும். தொலைவிலிருந்து செய்யும் பழுதாய்வு இங்குப் பயன்படாமை இதனால்தான்.

பின்வந்தோர் இதனை உணர்ந்தே வடிவமைத்தனர். ஜூனிப்பர் நிறுவனம் 2008இல் வெளியிட்ட இ.எக்ஸ். 4200 வகையின் ‘வர்ச்சுவல் சேஸிஸ்’ முறையில் பத்துச் சுவிட்சுகள் வரை ஒன்றாகலாம். அடுக்குப் பிளந்தால் எப்பகுதி தொடர வேண்டும், எது தானே ஒடுங்க வேண்டும் என்பதற்கு அதில் விதி உண்டு. ஸ்பேனிங் ட்ரீயிலும் உற்பத்தியாளர்கள் ‘லூப் கார்டு’ என்னும் காவலைச் சேர்த்தனர். அடைபட்ட வாயில் செய்தி நின்றால் வாயைத் திறவாது, ஐயத்திற்குரியதாக மூடியே வைக்கும் ஏற்பாடு அது. பெர்ல்மன் காலத்து மூன்றாம் விதியை ஏறத்தாழத் தலைகீழாக்கிய இச்சிறு திருத்தம், வேகத்தைக் கூட்டிய 2001ஆம் ஆண்டின் விரைவு ஸ்பேனிங் ட்ரீ தரநிலைக்கு இணையாகப் பேசப்படாதது வியப்பே.

பழுதாய்வின் நடைமுறையும் இதற்கேற்ப மாறியது. கூட்டமைப்பு தன்னைப் பற்றிக் கூறுவதை அப்படியே ஏற்காது, ஒவ்வொரு சுவிட்சின் கன்சோல் வாயிலும் தனித்தனியே வடம் செருகி, ‘உன் தலைமை யார், உன் வேர் எது’ என வினவி, விடைகளை ஒப்பிட்டு நோக்கும் பழைய முறை மீண்டும் இடம்பெற்றது. கேட்டலிஸ்ட் 3750 சுவிட்சின் முகப்பில் தலைமையைக் காட்டும் சிறு விளக்கு ஒன்று உண்டு. ஓர் அடுக்கில் ஒரு பெட்டியில் மட்டுமே அது பச்சையாக எரிய வேண்டும். பிளவை ஐயுறும் பொறியாளர் கட்டளை எதனையும் தட்டுவதற்கு முன், கருவியறைக்குச் சென்று அவ்விளக்கு எத்தனை பெட்டிகளில் எரிகிறது என்று எண்ணுகிறார்.